எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றுமில்லை

என் மகனுக்கு இரண்டு கிட்னியும் செயல் இழந்துவிட்டது என்று சொன்னபோது அவனுக்கு வயது நாற்பத்தாறு. வெளிநாட்டில் கட்டட வேலையில் பல வருஷம் வெயிலில் நின்றவன். அந்த வெயிலால் வந்ததா, எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரால் வந்ததா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். எங்கள் ஊர் அரிமளத்துக்கும் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று சொல்ல முடியாது. காலையில் போகிறவன் பொழுது சாயத்தான் வருவான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுப்பேன். அவன் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருப்பான். நான் உள்ளே போய்விடுவேன்.

இப்படி அலையாமல் பக்கத்திலேயே வசதி இருந்தால் உடம்பு இன்னும் சில வருஷம் தாங்கும் என்று அந்த டாக்டரே சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு வேறு யோசனையே ஓடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா ஒரு செய்தி சொன்னார். இந்த நோய் எந்த ஊரில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று வீடுவீடாகக் கணக்கெடுக்க ஆள் வரப்போகிறார்கள். ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்கிற மிஷின் வருமாம். குடிக்கிற தண்ணீரையும் சோதிப்பார்களாம். அன்று அடுப்படியில் உட்கார்ந்து எங்கள் தெருவை மட்டும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர் வந்தார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனாலும் ஒரு சின்னத் தெருவுக்கு ஒன்பது அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. மிஷின் வந்துவிடும் என்றே நினைத்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் யாரையாவது அனுப்பி விசாரிப்பார்கள். அப்படி வருகிறவர் பெண் வீட்டுக்கு வரமாட்டார். டீக்கடையிலும் அக்கம்பக்கத்திலும், அந்தக் குடும்பத்தில் யாருக்காவது தீராத சீக்கு உண்டா என்று பேச்சுவாக்கில் கேட்பார். எங்கள் தெருவில் யாரும் எந்த வீட்டையும் காட்டிக் கொடுப்பதில்லை. தண்ணீர்க் குழாயில் அடித்துக்கொண்ட வீடாக இருந்தாலும், வந்தவரிடம் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வோம். நாளைக்கு நம் வீட்டுப் பெண்ணுக்கும் ஆள் வருமே.

கணக்கெடுக்க ஆள் வந்தபோது என் பேத்திக்கு, அதாவது நோயாளியாகக் கிடந்த என் மகனின் மகளுக்கு, கீரனூர்ப் பக்கம் வரன் பேசிக்கொண்டிருந்தோம்.

வந்தவர்கள் இரண்டு பேர். சுடிதார் போட்ட ஒரு பெண், மோட்டார் சைக்கிளில் ஒரு பையன். முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அது என் கொழுந்தன் வீடு. கொழுந்தன் பெண்சாதி வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை, பிரஷர், கிட்னிக் கோளாறு உண்டா என்று அந்தப் பெண் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கேள்வி அப்படியே. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இங்கிட்டு யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் கல்லத் தின்னாலும் செரிக்கிற ஆளுக. அடுத்த வீடு எங்க அக்கா வீடுதான், அங்கயும் ஒண்ணுமில்ல, எழுதிக்க."

நான் கதவோரம் நின்றிருந்தேன். புது மனுஷர்கள் முன்னால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. "ஒங்க வீட்டுல யாருக்கும் இல்லதானே அப்பத்தா?" என்று கேட்டது.

என் மகன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்கும். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ரத்தம் எடுக்கவா என்றும் கேட்டார்கள். வேலை கிடக்கிறது என்று சொல்லித் தெருவில் எல்லோரும் நழுவிக்கொண்டார்கள். கடைசி வீட்டில் தனிக்கட்டையாக இருந்த பெரியவர் மட்டும் அந்தப் பெண்ணைத் தானே கூப்பிட்டார். "எனக்கு இருக்கு, எழுதிக்க தாயி. நான் பொண்ணு எடுக்கவுமில்ல, குடுக்கப்போறதுமில்ல. எனக்கு என்ன பயம்?" என்றார். தெருவே சிரித்தது. எங்கள் தெருவுக்கு அவர் ஒருவர்தான் கணக்கு.

நான் உள்ளே போனேன். மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "நல்லதுதான் ஆத்தா. புள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும்" என்றான். திரும்பவில்லை.

சில மாதங்கள் கழித்து நர்சம்மா வந்து விஷயத்தைச் சொன்னார். எங்கள் ஊரில் இந்த நோய் மற்ற ஊர்களைவிடக் குறைவு என்று வந்திருக்கிறதாம். மிஷின் வேறொரு பக்கத்துக்குப் போய்விட்டது. தண்ணீரை யாரும் எடுத்துப் போகவில்லை. என் மகன் பெயர் அவருடைய நோட்டிலேயே இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டேன். அவர் நோட்டு மாத்திரை கொடுப்பதற்காம், கணக்குக்கு அவரவர் வாயால் சொன்னதுதானாம். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்க மகனுக்கு மாத்திரை கொண்டாந்து குடுக்கிறவ நானு. ஒங்க வாயில ஒரு வார்த்த வரலையே."

பேத்தி கல்யாணம் நடந்தது. ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு கயிறுபோல் புடைத்திருந்த கையை மறைக்க, என் மகன் அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு நின்றான். அதற்குப் பிறகு புதுக்கோட்டைக்கு வாரம் ஒருமுறை போனான். அப்புறம் அதுவும் முடியவில்லை. வீட்டில்தான் உயிர் போனது. வீட்டில் போனதால் மாரடைப்பு என்று எழுதினார்கள். எழுதியவரை நாங்கள் மறுத்துச் சொல்லவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் கணக்கெடுக்க வந்தார்கள். அதே பெண்தான். நானே வாசலுக்கு இறங்கிப் போனேன். என் மகனுக்கு இருந்தது, எழுதிக்கொள் என்றேன். அவன் இறந்துபோனதைக் கேட்டதும் அந்தப் பெண் எழுதவில்லை.

"இப்ப இருக்கவங்களத்தான் எழுதணும் அப்பத்தா. எறந்தவங்களுக்கு இதுல எடம் இல்ல."

கடைசி வீட்டுப் பெரியவரும் போய்விட்டார் என்றேன். அந்தப் பெண் அவர் பெயரைத் தேடிப்பிடித்து நீக்கிவிட்டது. போன தடவைக்கு இந்தத் தடவை உங்கள் தெருவில் குறைந்திருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் சொன்னது, பாவம். ஆள் செத்தாலும் நோய் குறைந்த மாதிரிதான் இந்தக் கணக்கில் தெரியும்போல.

என்ன நினைத்தேனோ, குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டில் என் கொழுந்தனுக்கு ஆறு மாதமாகக் கால் வீங்குகிறது, முகம் ஊதுகிறது, என் மகனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. இன்றைக்காவது அந்த வீட்டில் ரத்தம் எடு என்றேன்.

அந்தப் பெண் அங்கே போனது. சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. மாடு மிதித்து வீங்கியிருக்கிறது என்றாள் கொழுந்தன் பெண்சாதி. கொழுந்தனே வாசலில் இறங்கி நாலு எட்டு நடந்து காட்டினார். ரத்தம் எடுக்க விடவில்லை. அந்தப் பெண் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்வதைத்தான் எழுத முடியும் என்று மட்டும் சொல்லிப் போனது.

சாயங்காலம் கொழுந்தன் பெண்சாதி வந்தாள். சத்தம் போடவில்லை. "ஒங்க பேத்திக்கு முடிஞ்சிருச்சு அக்கா. என் பேத்திக்கு முடிய வேணாமா?" என்றாள்.

இப்போது கொழுந்தன் வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸுக்குப் போகிறார். புதுக்கோட்டையில் நிலத்து வழக்கு நடக்கிறது என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, அந்த வீட்டுப் பெரியவர் அடிக்கடி எங்கே போகிறார் என்று என்னிடம் விசாரித்தார்.

நிலத்து வழக்கு என்று நானும் சொன்னேன்.