பூட்டிய புது வாசலும் திறந்து கிடந்த பழைய வாசலும்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஆள் சேர்ப்பது என் வேலை. தையலுக்கு ஆள் தேவை என்று பேரணாம்பட்டு பஸ்களில் ஒட்டிய நோட்டீஸில் எங்கள் இணையதள முகவரியைக் கொடுத்திருந்தோம். விண்ணப்பத்தில் ஆதார் எண் கட்டாயம்.

ஷபானா என்ற பெண் நேரில் வந்து போனை நீட்டினார். "இன்னா சார், பாதுகாப்பு இல்லைன்னு காட்டுது. இதுல ஆதார் நம்பரைப் போடச் சொல்றீங்க?"

நோட்டீஸில் இருந்தது http என்று தொடங்கும் பழைய முகவரி; அதில் தட்டுவதை வழியில் யாரும் படிக்கலாம். விவரத்தை மறைத்து அனுப்பும், பூட்டுப் படம் காட்டும் புது முகவரி https என்று தொடங்கும். இணையதளம் செய்தவரை அழைத்தேன்.

"புது அட்ரஸுக்குப் பூட்டு போட்டுட்டேனே சார். பழசுல வந்தா நான் இன்னா பண்றது?"

"பழசுல வர்றவங்கள தானா புதுசுக்குத் திருப்பி விடணும்யா! உன் ஆதார இப்படித் தெருவுல போடுவியா?"

அன்றே சரிசெய்தார். ஷபானாவுக்கு முன்னால் எத்தனை பேர் நம்பி எண்ணைத் தட்டினார்களோ, நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்த என் மீதும்தான். இப்போது நோட்டீஸில் உள்ள முகவரியை முதலில் என் போனில் தட்டுகிறேன். பூட்டு தெரிந்த பிறகுதான் அச்சுக்குக் கையெழுத்து.