இரண்டாவது பிரேக்

அந்த டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாக ஒரே ஒரு டீச்சர்தான் இருந்தாள். போன வருடம் இருபத்தொன்பது வயதில் இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். அவள் சின்ன டீச்சர் ஆனாள். அதனால் இவள் ஒரே நாளில் பெரிய டீச்சர் ஆகிவிட்டாள்.

"நாற்பத்தெட்டு என்ன பெரிய வயசா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

"மரியாதையாத்தானே கூப்பிடறாங்க" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

கற்றுக்கொடுக்கும் காரில் டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பெரிய டீச்சரின் கால் எப்போதும் அதன்மேலேயே இருக்கும். இத்தனை வருடத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. சின்ன டீச்சரின் வண்டியோ வந்த மூன்றாம் மாதமே முன்பக்கம் நசுங்கிவிட்டது. ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் பாஸ் ஆகிறவர்கள் எல்லாம் அந்த நசுங்கின வண்டியில் கற்றவர்களாகவே இருந்தார்கள். பெரிய டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போதாக்குறைக்குப் பல் டாக்டரம்மா. பெரிய டீச்சரிடம் கற்று மூன்று முறை பெயில் ஆனவர், சின்ன டீச்சரிடம் மாறி ஐந்தே வாரத்தில் பாஸ் ஆகிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் முதலாளி, இரண்டு டீச்சர்கள், கூடக் கற்ற ஐந்து பேர் என எல்லோரையும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சைனீஸ் ஓட்டலுக்கு அழைத்தார்.

ஊருக்கு வெளியே, டயர் கடைக்கும் சோபா கடைக்கும் நடுவில் இருந்தது ஓட்டல். வட்ட மேசை, நடுவில் சுற்றிவிடுகிற கண்ணாடித் தட்டு. "நீ இங்க வா" என்று டாக்டரம்மா தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டியது சின்ன டீச்சருக்கு. பெரிய டீச்சருக்குச் சமையலறைக் கதவை ஒட்டிய இடம் கிடைத்தது.

கொழுக்கட்டை மாதிரி ஏதோ ஆவி பறக்க வந்தது. தட்டைச் சுற்றியவர்கள் எல்லாம் சின்ன டீச்சர் முன்னால் நிறுத்தி, "எடுத்துக்கோங்க" என்றார்கள். இவளிடம் வந்தபோது சாஸ் கிண்ணம்தான் மிச்சம். அவள் குச்சியால் நூடுல்ஸை லாவகமாக அள்ளினாள். இவள் முள்கரண்டி கேட்டு வாங்கினாள். அதுகூடப் பரவாயில்லை. இவளிடம் இப்போது கற்றுக்கொண்டிருக்கிற தையல்காரர், மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி, "ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியப் பார்க்கணும்?" என்று சின்ன டீச்சரிடம் கேட்டார்.

"நம்ம ஸ்கூலுக்கு வந்த அதிர்ஷ்டம் இந்தப் பொண்ணு" என்றார் முதலாளி.

பெரிய டீச்சர் கரண்டியைக் கீழே வைத்தாள். "டெஸ்ட் பாஸ் பண்ண வைக்கிறது வேற, வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறது வேற. என் வண்டியப் பாருங்க, அவ வண்டியப் பாருங்க."

பரிமாறுகிறவர் தட்டு மாற்ற வந்தவர் அப்படியே நின்றார். சின்ன டீச்சரின் முகம் சுண்டிப்போனது.

டாக்டரம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "உங்க பக்கத்துல உட்கார்ந்து ஓட்டினப்ப எனக்கு ஒரு நாளும் பயமே இருந்ததில்ல டீச்சர். நானே நல்லா நிறுத்தறேன்னு நினைச்சிட்டிருந்தேன். டெஸ்ட்ல ஆபீசர் பக்கத்துல உட்கார்ந்தப்பதான் புரிஞ்சது, இத்தனை நாளா நிறுத்தினது நானில்லன்னு."

பெரிய டீச்சர் எழுந்தாள். கை கழுவப் போனாள். சின்ன டீச்சர் முன்னாடியே எழுந்து வந்து அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள், வந்தது வேறு.

"உனக்குக் கால் பிரேக்குக்குப் போகவே போகாதா?"

"போகும் டீச்சர். அதனாலதான் காலை மடக்கி, அதுமேலயே உட்கார்ந்துக்குவேன். உருவி இறக்கறதுக்குள்ள அவங்களே மிதிச்சிடுவாங்க. ஆளில்லாத ரோட்டுல மட்டுந்தான். ஒரு தடவை ஒருத்தர் மிதிக்கல, அன்னைக்குத்தான் பம்பர் போச்சு."

"பயமா இருக்காது?"

"உயிரே போயிடும்."

அவளைத் தைரியசாலி என்று நினைத்துதான் பெரிய டீச்சர் இத்தனை நாள் பொறாமைப்பட்டாள். பயந்துகொண்டே செய்கிறாள் என்று தெரிந்ததும் அது குறையவில்லை, கூடத்தான் செய்தது.

திங்கட்கிழமை தையல்காரரைக் குடோன்களுக்குப் பின்னால் உள்ள காலி ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். காலை மடக்கி உட்கார்ந்தாள். ரோடு முடிகிற இடத்துச் சுவர் நெருங்கி வந்தது. "நிறுத்துங்க" என்றாள். கால் தவித்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். வண்டி குலுங்கி, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"நானா நிறுத்தினேன்?" என்றார் தையல்காரர்.

"நீங்கதான்" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவர் முதல் தடவையே பாஸ் ஆனார். "புதுசா என்ன பண்ணீங்க டீச்சர்?" என்று முதலாளி கேட்டபோது சின்ன டீச்சரும் அங்கே நின்றிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. அவர் கெட்டிக்காரர்" என்றாள் பெரிய டீச்சர்.

சின்ன டீச்சர் லேசாகச் சிரித்துவிட்டு, காத்திருந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வண்டி எடுக்கப் போனாள். 'நான் சொன்னதுதான்' என்று காட்டிக்கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருக்கலாம். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லையே என்றிருந்தது பெரிய டீச்சருக்கு.