உள்ளே மடித்த துணி

தையல்காரியான என் அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் ‘வெட்டு ஒண்ணு’. பேச்சு அப்படி. கொண்டுவந்த அளவு உடுப்பைவிட இடுப்பு இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறதே, வீட்டில் ஏதாவது கவலையா என்று முதல்முறை வருகிறவரிடமே கேட்டுவிடுவாள். கடையில் தையல் அவளுடையது. காஜா எடுப்பதும், பொத்தான் வைப்பதும், அவளுக்காக மன்னிப்புக் கேட்பதும் என் வேலை.

கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் அவள் நேர் எதிர். உடுப்பைக் குறைக்கச் சொன்னால் வெட்டவே மாட்டாள். மிச்சத்தை உள்ளே மடித்துத் தைப்பாள். வளரும் பிள்ளைகளின் உடுப்பில் எப்போதும் நாலு விரல் துணி உள்ளே இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் மாடிவீட்டுப் பெரிய பெண் மூன்று கவுன்களோடு வந்தாள். பதினாறு வயது. மூன்றும் அக்கா தைத்தவை. அதில் நீலக் கவுன் போன மாதம்தான் தைத்தது. அந்த நீலத்துக்காக அவள் நாலு துணிக்கடை ஏறி இறங்கியிருந்தாள். மூன்றையும் தங்கையின் அளவுக்குக் குறைக்க வேண்டுமாம். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். இத்தனை நாள் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தவள் தெளிந்துவிட்டாளே என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

வழக்கம்போல உள்ளே மடித்து வைப்பதாக அக்கா சொன்னாள். நீயே போட வேண்டுமென்றால் பிரித்துக்கொள்ளலாம் என்றாள்.

“வெட்டிடுங்கக்கா. எனக்கு இனிமே தேவைப்படாது.”

அக்கா மிஷினை நிறுத்தினாள். நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். இல்லாத நினைப்பை இவளே கிளப்பிவிடுவாளோ என்ற பயம் எனக்கு. அவள் காலை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

“செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?”

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கோ அப்போதுதான் மூச்சு வந்தது. தலையாட்டினாள், பிறகு அழுதாள். தோழிகள் ஒதுக்கியது, தூக்கம் வராதது, தான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்று நினைத்தது, எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா திட்டவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. நடுநடுவே “ம், சொல்லு” என்றதோடு சரி. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவள் கெஞ்சியபோதுதான் பழைய அக்கா திரும்பி வந்தாள்.

“சொல்லுவேன். உங்கம்மாகிட்ட, உன்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சொல்லுவேன்.”

அம்மாவை அழைத்துவர என்னை மாடிக்கு ஓடச் சொன்னாள். அதுவரை அவளைத் தனியாக விடவில்லை. அன்றைக்கே மூன்று பேருமாக மனநல மருத்துவரைப் பார்க்கப் போனார்கள்.

அக்கா திரும்பியதும், நீ நினைத்தது தப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சண்டைக்கே போனேன்.

“கோவிச்சுக்குவா. கோவிச்சுக்க அவ இருப்பாள்ல” என்றாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்தப் பெண் மாதக்கணக்கில் மருத்துவரிடம் போய்வந்தாள். கடைக்கு வரும்போதெல்லாம், இந்த வாரம் அந்த நினைப்பு வந்ததா என்று அக்கா சுற்றி வளைக்காமல் கேட்பாள். வந்தது, அம்மாவிடம் சொன்னேன் என்பாள் இவள். போகப்போக, வரவில்லை என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்ட நாட்களில் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும். மன்னிப்புக் கேட்கும் வேலையை நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, போன வாரம், அக்கா அன்றைக்குக் குறைக்காமலே திருப்பிக் கொடுத்த அந்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வந்து நின்றாள். எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்தது, உயரமும் போதவில்லை. அக்கா கீழ்மடிப்பைப் பிரிக்க உட்கார்ந்தாள். உள்ளே இருந்த துணி வெளுக்காமல், வாங்கிய அன்றைக்கு இருந்த நீலத்திலேயே இருந்தது.

“முழுசும் பிரிச்சிடாதீங்கக்கா. ரெண்டு விரல் உள்ளயே இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்கு வேணும்.”

அக்கா பதில் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு நான் கேட்டதற்கு, வாயில் குண்டூசி இருந்தது என்றாள். குண்டூசி டப்பா அந்த நேரம் முழுக்க மூடியபடி என் மடியில்தான் இருந்தது.