வாயைப் பார்த்த பிறகே மாஸ்க்

செல்லம்மா என்ற பெண்ணை என் கையாலேயே கொன்றிருப்பேன். அந்தக் காலையைப் பற்றி எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் எனக்கு அட்டெண்டர் வேலை. குளோரோபாம் கொடுக்கும்போது நோயாளியின் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இதற்குக் கை போதும் என்று நினைத்திருந்தேன்.

செல்லம்மா விதுராவுக்கு மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். இருபது வயது இருக்கும். தொடையில் பெரிய சீழ்க்கட்டி.

"வாயில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை. கம்பவுண்டர் அவள் மூக்கின் மேல் மாஸ்க்கை வைத்து, அதில் மயக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். அவள் எண்ணவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கை துவண்டது. டாக்டர் கத்தியை வைத்தார்.

எல்லாருக்கும் ஒரு குறட்டையாவது இருக்கும். இவளிடம் ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது, உள்ளே இருந்து வேறு யாரோ தள்ளுவது போல. கண் பாதி திறந்து என் முகத்தில் நின்றது. மாஸ்க்கை விலக்கி, என் கன்னத்தை அவள் வாயருகே வைத்தேன். காற்று படவில்லை.

"ஐயா, மூச்சு இல்லை."

டாக்டர் மலையாளி. அவர் நிமிரவில்லை. "நெஞ்சு அசையுதே, பின்னெ எந்தா?"

"அசையுது ஐயா. காத்து வரலை."

கம்பவுண்டர் சிரித்தார். "நீரு எப்ப வே டாக்டர் ஆனீரு?"

அவள் உதடு நாவல்பழ நிறமாகிக்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. பல்லைப் பிளந்து விரலை விட்டேன். தொண்டையில் கெட்டியாக ஏதோ தட்டியது. கொக்கி போல விரலை வளைத்து இழுத்தேன். கறுப்பு நூல் சுற்றிய செப்புத் தகடு, சுருட்டியது.

தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள் போல ஒரு இழுப்பு இழுத்தாள். கம்பவுண்டர் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஆபரேஷன் முடிந்து நான் வெளியே வந்தபோது அவள் அம்மா நின்றாள். தகட்டைக் காட்டினேன்.

"மந்திரிச்சது அண்ணாச்சி. நாக்குக்கு அடியில வெச்சா உசிரு வாய் வழியா வெளிய போவாதாம்."

"கேட்டேனே, சொல்லப்படாதா?"

"நேத்து வார்டுல நீங்கதான சொன்னிய? மருந்து குடுத்தா பொணமாட்டம் கிடப்பா, தீய வெச்சாலும் தெரியாதுன்னு. பொறவு ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

சொன்னது உண்மை. தைரியம் கொடுப்பதாக நினைத்து விளையாட்டாகச் சொன்னேன்.

வேலை போனாலும் போகட்டும் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"இனி எல்லார் வாயும் நீதன்னெ நோக்கணும். நீ நோக்காதெ மாஸ்க் வைக்கண்டா" என்றார். நான் பார்க்காமல் யாருக்கும் மாஸ்க் வைக்கக் கூடாது என்று அர்த்தம்.

அதன் பிறகு எத்தனையோ வாய்களுக்குள் விரலை விட்டிருக்கிறேன். வெற்றிலைச் சக்கை, புகையிலை, ஆடும் பல், துளசி எல்லாம் எடுத்திருக்கிறேன். அத்தனை பேரும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதுதான் சொல்வேன். நெஞ்சு அசைவதை நம்பாதே, வாயருகே கன்னத்தை வை. கேட்பதோடு விடாதே, திறந்து பார். பயந்தவன் வாயைத் திறக்க மாட்டான். அவனைப் பயமுறுத்தியது நீயாக இருந்தால், உன்னிடம் திறக்கவே மாட்டான்.