ஐந்தாம் கொட்டகைக்கு இரண்டு சட்டி சோயா

என் அக்கா வீட்டுக்காரருக்கு, நாங்கள் வேலை பார்க்கும் கோழிப் பண்ணையில் தராசு என்றுதான் பெயர். முப்பது வருடமாகத் தாய்க்கோழிகளுக்குத் தீவனம் கலக்கிறார். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே நூறு கிராம் குறைகிறது என்பார், நிறுத்தால் குறையும். வீட்டில் உப்பு அளவிலும் மூக்கை நுழைத்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

புதிதாக வந்த கால்நடை டாக்டரம்மா, தீவனச் செலவைக் குறைக்க ஐந்தாம் கொட்டகைக்கு மட்டும் சோயாப் பிண்ணாக்கைக் குறைக்கச் சொன்னார். குறைகிற புரதத்துக்கு ஈடாக அமினோ அமிலத் தூள். அந்த முட்டைகளில் பொரிக்கும் குஞ்சுகள் மற்றக் குஞ்சுகளைப் போல வளர்கின்றனவா என்று பார்க்கவேண்டும். எடை போடுவது என் வேலை. மச்சானுக்கு மனசு ஒப்பவில்லை. முட்டையிடுகிற ஜீவன் வயிற்றில் அடிப்பதா என்று, ஒவ்வொரு கலவையிலும் யாருக்கும் தெரியாமல் இரண்டு சட்டி சோயாவைக் கூடுதலாகத் தட்டினார். பெரிய வள்ளல்!

மூன்று வார வயதில் எல்லாக் குஞ்சுகளும் ஒரே எடை. டாக்டரம்மா நேரே தீவன அறைக்கு வந்தார். "அண்ணே, உங்க கைய நம்பித்தான் இதுல இறங்கினேன்." இனி எல்லாக் கொட்டகைக்கும் இதே தீவனம் என்றார்.

அன்று இரவு மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார். சோயா தட்டியதைச் சொன்னார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மறுநாள் அவரே டாக்டரம்மாவிடம் போனார்.

"பாவமேன்னு போட்டுட்டேம்மா."

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. தான் சரியாகக் கவனிக்கவில்லை, சோதனை வீண் என்று முதலாளியிடம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்கு வேலை போனது. முதலாளி முன்னால் நின்று உண்மையைச் சொல்ல மச்சானுக்கு வாய் வரவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி அவரைப் பாதியாக்கிவிட்டது.

பிறகு முதலாளியிடம் கெஞ்சி, டாக்டரம்மா எழுதிவைத்த அளவிலேயே ஐந்தாம் கொட்டகைக்கு மறுபடி கலந்தார். ஒரு பிடி கூட்டவில்லை. குஞ்சுகளை நான்தான் நிறுத்தேன். இந்த முறையும் அதே எடை. அந்த இரண்டு சட்டி தேவையே இருந்திருக்கவில்லை.

என் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். 

"சந்தோஷம்ணே. எழுதின அளவுதானே போட்டீங்க?"

முப்பது வருடத்தில் தராசிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஆமாம்மா என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நீ சொல்லுப்பா. நீ சொன்னா நம்புவாங்க."