மூலிகை மட்டும்

ஆண்மைப் பொடி ஆலையில் அவருக்கு அரைவை வேலை. ஜாதிக்காயை எவ்வளவு வறுப்பது, வேரை எத்தனை முறை சலிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார். பழைய காலத்தில் இதற்கென்று விஷ வண்டை இடித்துத் தின்றார்களாம். சிறுநீரில் ரத்தம் போனதையும் வீரியம் என்று நம்பினார்களாம். தன் பொடியால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. பலனும் இல்லை என்று வாங்கியவர்கள் திட்டினார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் முதலாளி ஒரு பெட்டி நீல மாத்திரை கொண்டுவந்தார். ஆண்மைக் குறைவுக்கு டாக்டர்கள் அளவு பார்த்து எழுதிக் கொடுப்பது.

“பொடியோட பொடியா அரைச்சு விடு. டப்பாவுல ‘மூலிகை மட்டும்’னே இருக்கட்டும்.”

அரைத்தார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

தங்கை கணவர் ஒருநாள் ஆலை வாசலில் மடக்கினார். “ஊருக்கெல்லாம் அரைக்கிறீங்க, வீட்டு மாப்பிள்ளைய மட்டும் காயப்போடுறீங்களே மச்சான்!”

இவரும் சிரித்துக்கொண்டே ஒரு டப்பா கொடுத்தார். தீரத் தீரக் கொடுத்தார். மாத்திரை விஷயத்தைச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

நான்காம் மாதம் மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி. தங்கையோடு அவரும் ஓடினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைப் பிரித்தபடி கேட்டார்:

“வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாரா? சிலதோட இது சேர்ந்தா பிரஷர் விழுந்து ஆளே போயிருவார்.”

“தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டார்” என்றாள் தங்கை.

மாப்பிள்ளையும் இல்லையென்று தலையாட்டினார். பொடியை அவர் மருந்தாக நினைத்ததே இல்லை.

“டாக்டர், வேண்டாம்!” அரைவைக்காரர் குறுக்கே பாய்ந்தார். “பொடி சாப்பிடுறார். அதுல அந்த நீல மாத்திரை இருக்கு. அரைச்சது நான்தான்.”

டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். “கடைசியா எப்போ?”

“நேத்து” என்றார் மாப்பிள்ளை, மனைவியைப் பார்க்காமல்.

வேறு மருந்து கொடுத்தார்கள். உயிர் தங்கியது. வராந்தாவில் தங்கை கேட்டாள்:

“நாலு மாசமா தெரியுமாண்ணே உனக்கு?”

“வேலை போயிடும்னுதான்…”

“எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுக்கிட்டே தெரியுமா?”



வேலை போகவில்லை. மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் போடும்படி முதலாளி சொன்னதோடு சரி. திங்கட்கிழமை அவரும் போய் இயந்திரத்தை ஓட்டினார். தங்கை வீட்டுக்குத்தான் அதன் பிறகு போக முடியவில்லை.