இரண்டு பேரில் ஆடியவள்

இன்பமணி அக்கா என்று பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அவள்மேல் இல்லை. கண்ணெதிரே நின்றவளைப் பார்க்கத் தெரியாதவர்கள்மேல். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

அக்கா குளச்சல்காரி. துபாயில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தாள். நல்ல உயரம். வார்டு ஸ்டோரில் மேல்தட்டில் இருப்பதை எடுக்க யாரும் ஸ்டூல் தேட மாட்டார்கள், 'இன்பமணி சிஸ்டரைக் கூப்பிடு' என்பார்கள். நான் ஜெஸி, அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கராமாவில் ஒரே ரூமில் ஆறு வருடம் அவளும் நானும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவாள். நான் குடிக்காமல் முரண்டு பிடித்தால், "மூக்கப் பொத்தி ஊத்துவேன், கேட்டியா?" என்பாள். செய்யக்கூடியவள்தான்.

கல்லூரி நாட்களில் அவள் பாஸ்கெட்பால் டீமில் இருந்தாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். முதல் தடவை மைதானத்துக்கு வந்து அந்தக் கூடையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடியில்லாத வலையில மீன் எப்பிடி நிக்கும் மக்களே?" என்று கேட்டாராம். ஒருமுறை அவர்கள் கல்லூரி ஜெயித்த செய்தி பேப்பரில் வந்தது. நாலு பெண்களின் பெயரைப் போட்டு, 'மற்றும் பலர் சிறப்பாக விளையாடினர்' என்று முடித்திருந்தார்கள். அப்பா அந்தத் துண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, எதிரே வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாராம். 'மற்றும் பலர்' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது எம் மவளாக்கும்" என்பாராம். அக்கா இதைப் பலமுறை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். 2006-இல் அவர் இறந்துபோனார். இவளுக்கு லீவு கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

எங்கள் ஊர்ப்பக்கத்து நர்ஸ்களும் டெக்னீஷியன்களும் சேர்ந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாஸ்கெட்பால் லீக் நடத்திவந்தோம். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. கராமாவில் ஓர் இந்தியப் பள்ளிக்கூட மைதானம், ஒவ்வொரு டீமுக்கும் எட்டு மேட்ச். சீசன் முடிந்ததும் எல்லா டீமிலும் இருந்து சிறந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்போம். அதற்கு 'பெஸ்ட் ஃபைவ்' என்று பெயர். கோப்பை எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதைவிட இந்த ஐந்து பேர் யார் என்பதில்தான் அடிதடி நடக்கும்.

2007 சீசன்தான் அக்காவுக்குக் கடைசி. நாற்பத்தொரு வயது, வலது கால் முட்டியில் எப்போதும் கட்டு. மே மாதம் விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஊருக்கே போகிறாள். பெண்கள் பெஸ்ட் ஃபைவ் தேர்வுக்கு எங்கள் ஆஸ்பத்திரி சார்பாக நான் போகிறேன் என்று தெரிந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எட்டி ஜெஸி, வெக்கத்த விட்டுச் சொல்லுகேன். எனக்கு அது வேணும். ஒரே ஒரு தடவ எம் பேரு ஒரு லிஸ்டில வரணும். மற்றும் பலராவே ஊருக்குப் போக எனக்கு மனசு இல்ல."

என்னிடம் எதையும் கேட்காதவள் கேட்டாள். "நான் இருக்கேன்லா, யாரு தடுக்கான்னு பாக்கேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

சர்ச்சில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து கராமா ஹோட்டல் மாடியில் கூடினோம், நாலு பேர். தலைமை ஜெயபாரதி டீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பக்கத்து ஆஸ்பத்திரி சார்பில் ஷைஜு, பிசியோதெரபி பார்க்கிறவன், எங்கள் ஊர்ப்பக்கம்தான். பிறகு மரிசெல், ஸ்கோர் எழுதுகிற பிலிப்பைன்ஸ் பெண். முதல் நாலு பெயர்கள் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டன. ஐந்தாவது இடத்தில் சிக்கிக்கொண்டோம். ஷைஜு அவன் டீம் நாகஜோதியைச் சொன்னான். நான் இன்பமணி அக்காவைச் சொன்னேன்.

"ஸ்கோர் பேப்பரப் பாரு. நாகஜோதி தொண்ணூத்தி நாலு பாயிண்ட். ஒன் அக்கா வெறும் பதிமூணு."

"பாயிண்ட் மட்டும் போதும்னா எதுக்கு அஞ்சு பேரு? ஒருத்தியே நின்னு எறியட்டும்! வளையத்தில பட்டுத் தெறிக்கிற பந்த ஆரு பிடிக்கா? ஒன் நாகஜோதிக்குக் கீழ விழுந்த பந்து கண்ணுக்கே தெரியாது."

"அதையும் எழுதித்தான் வச்சிருக்கு. இன்பமணி, முப்பத்தெட்டு ரீபவுண்ட். அதுவும் நாலே நாலு மேட்ச்தான் ஆடியிருக்கா. நாலு மேட்ச் ஆடினவளுக்கு எப்பிடிக் குடுக்க?"

"எட்டு மேட்சும் ஆடினா!"

"நீ பாத்தியா?"

கடைசி நாலு மேட்சுக்கும் எனக்கு லேப் டூட்டி. அதைச் சொல்லாமல், "எல்லா வெள்ளியும் பையத் தூக்கிட்டுப் போனவ பின்ன எங்க போனா?" என்று கேட்டேன்.

"பெஞ்சில இருந்திருப்பா."

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டீ கிளாஸைத் தட்டென்று வைத்தேன். "மெதுவா அம்மா, கீழ சாப்பிடறவங்க மேல ஏறி வந்துடப் போறாங்க" என்றார் ஜெயபாரதி டீச்சர்.

ஷைஜு சமாதானம் பேசுகிறவன்போல் தாளைத் திருப்பினான். "ஒங்க ஆஸ்பத்திரியிலயே வேற ஒருத்தி இருக்கா பாரு. தாசையன். கடைசி நாலு மேட்சில நாப்பத்தொண்ணு ரீபவுண்ட். இவளுக்குப் பேசினாலாவது ஒரு அர்த்தம் உண்டு."

ஆண் பெயராயிற்றே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வளைகுடாவில் எங்கள் பெண்களில் பாதிப் பேர் காகிதத்தில் அப்பா பெயரிலோ புருஷன் பெயரிலோதான் இருப்போம். என்னையே பேங்கில் 'மேடம் வில்சன்' என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை நம்பரை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் டீம் சட்டைகளெல்லாம் ஒரே மூட்டை. கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

நான் பொரிந்து தள்ளினேன். "எந்த தாசையன்? தேரா கிளையில இருந்து நேத்து வந்தவளா இருக்கும். எங்க அக்காவ பெஞ்சில இருத்திட்டு அவ இடத்தில ஆடினவ! அவளுக்கு நான் பேசணுமா? செத்தாலும் பேச மாட்டேன். கலாஸ், முடிஞ்சுது!"

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையையும் விரலால் ஓட்டிப் பார்த்தார். "ஜெஸி, இங்க பாரு. நாலாவது மேட்சோட இன்பமணி நிக்கிறா. அஞ்சாவதுல தாசையன் ஆரம்பிக்கிறா. ஒரு மேட்ச்லகூட ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலையே."

மரிசெல்லிடம் கேட்டோம். ஐந்தாவது மேட்சிலிருந்துதான் விதி மாறியது என்றாள். ஒரு டீம் வெளியாளை இறக்கிவிட்டதால், எல்லோரும் பத்தாக்காவைக் காட்ட வேண்டும், அந்த அடையாள அட்டையில் முதலில் இருக்கும் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றாயிற்று. அதற்கு முன்னால் வாயால் கேட்டு எழுதினாளாம்; இத்தனை பேரில் யார் முகமும் அவளுக்கு நினைவில்லையாம். உடனே வார்டுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நம்ம டீமில தாசையன்னு ஆரு?"



"எங்க அப்பா பேருட்டி. எம் பத்தாக்காவில அதுதான் மொதல்ல கெடக்கு" என்றாள்.

ஆறு வருடம். அவர் கேட்ட கேள்வி தெரியும், பேப்பர் துண்டு தெரியும், அவர் செத்த நாள் தெரியும். அந்த மனிதருடைய பெயரை ஒருநாள் நான் கேட்டதில்லை. அவள் 'அப்பா' என்பாள், நானும் 'அப்பா' என்பேன். அந்தப் பெயரைத்தான் இவ்வளவு நேரமும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மரிசெல் பாவம், தன்மேல்தான் தப்பு என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

ஷைஜு பேனாவை எடுத்துக் கூட்டினான். முப்பத்தெட்டும் நாற்பத்தொன்றும் எழுபத்தொன்பது. வேறு யாருக்கும் அறுபதுகூட இல்லை. பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்துவிட்டு, "செரி, எழுதுங்க டீச்சர்" என்றான். "நாகஜோதிகிட்ட நான் பேசிக்கிடுகேன். அழுவா. சின்னப் பிள்ளதானே, அவளுக்கு அடுத்த வருஷம் கெடக்கு." அன்றுமுதல் ஷைஜுவை நான் திட்டுவதில்லை. கூடுமானவரை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பரிசளிப்பு. பெயரைச் சரியாக எழுது என்று மரிசெல்லிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். பாவம், இந்தமுறை தப்பே வரக்கூடாது என்று பத்தாக்காவில் உள்ளபடி முழுசாக எழுதிவிட்டாள்: தாசையன் இன்பமணி. மைக்கில் வாசித்தது மஹ்மூது பாய், பரிசுகளுக்குச் செலவழித்த கடைக்காரர். எங்கள் சண்டை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆண்கள் லிஸ்டை முடித்துவிட்டு அதே மூச்சில் பெண்கள் லிஸ்டுக்கு வந்தார். நாலு பேர் போய் வாங்கினார்கள். ஐந்தாவது தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, முதல் பெயரை மட்டும் வாசித்தார்.

"தாசையன்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை பாடுபட்டும் கடைசியில் மைக்கில் அவள் பெயர் இல்லை. பாய்ந்து எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எட்டி, இரு. இன்னொரு தடவ கூப்பிடட்டும்."

"ஒங்க பேரு இல்லியேக்கா! அதுக்குத்தானே இம்புட்டு ஆசப்பட்டீங்க!"

"எங்க அப்பாவ ஒரு நாளும் ஆரும் மைக்கில கூப்பிட்டதில்ல ஜெஸி." அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவே இல்லை.

மஹ்மூது பாய் கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "தாசையன்! தாசையன் வந்திருக்காரா?"

இன்பமணி அக்கா எழுந்தாள். கையை நன்றாக உயர்த்தினாள்.

"வந்திருக்காரு" என்றாள் உரக்க. "நானும் வந்திருக்கேன்."